மார்க்குக்குக் கூலி! கடைக்கு லாபம்!



பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு மார்க்கு அட்டை கொடுக்கிறார்கள். பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டு வருகிறது. அப்பன் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறான். எழுதத் தெரியாதவன் பெருவிரலை மையில் தொட்டு வைக்கிறான். அது பிள்ளைக்கும் வாத்தியாருக்கும் பெற்றவர்களுக்கும் நடுவே நடக்கிற விஷயம். இதில் நாலாவது ஆளுக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் நாலாவது ஆள் நுழைந்துவிட்டான். அவன் கடைக்காரன்.

2007-ஆம் வருஷக் கடைசியில் நடந்தது. ஃபுளோரிடா மாகாணத்தில் செமினோல் என்று ஒரு மாவட்டம். அங்கே ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் மார்க்கு அட்டையை ஒரு காகித உறையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போவார்கள். அந்த வருஷம் வந்த உறையின் மேல் மெக்டொனால்ட்ஸ் கம்பெனியின் கோமாளி பல்லை இளித்துக்கொண்டு நின்றான். கீழே விளம்பரம்: நல்ல மார்க்கு வாங்கினாயா? ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தாயா? இந்த அட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வா, 'ஹேப்பி மீல்' என்ற சாப்பாட்டுப் பொட்டலம் இலவசம்!

கேட்டீர்களா கதையை! சரி, இந்தப் புண்ணிய காரியத்துக்குக் கம்பெனி செலவழித்தது எவ்வளவு? உறை அச்சடிக்கும் கூலி 1,600 டாலர். உறை போய்ச் சேர்ந்தது சுமார் 27,000 குழந்தைகளிடம். ஒரு டாலருக்கு நூறு சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு ஆறு சென்ட்டுக்கும் குறைவு! உலகத்தின் மிகப் பெரிய தின்பண்ட வியாபாரி ஆறு சென்ட்டுக்குக் குறைந்த விலையில் ஒரு குழந்தையின் மார்க்கு அட்டையை வாங்கிவிட்டான். சர்க்கார் பள்ளிக்கூடத்தின் முத்திரையையும் சேர்த்து வாங்கிவிட்டான். தெருச் சுவரில் விளம்பரம் எழுத வேண்டுமானால்கூட சுவருக்குச் சொந்தக்காரன் இதைவிட அதிகம் கேட்பான்.

ஒரு தாய் இதைப் பார்த்துக் கொதித்தாள். என் பெண் நன்றாகப் படித்ததற்கும் உன் வறுத்த உருளைக்கிழங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். குழந்தைகளிடம் வியாபாரம் செய்வதை எதிர்க்கும் ஓர் இயக்கம் அவளோடு சேர்ந்துகொண்டது. கம்பெனிக்குக் கண்டனங்கள் குவிந்தன. 2008 ஜனவரியில் கோமாளி இறங்கிக்கொண்டான். உறையைப் புதிதாக அச்சடித்துக் கொடுக்கிறோம் என்று கம்பெனி சொல்லிற்று. ஒரு தாய் வாயைத் திறந்ததற்கே இவ்வளவு பலன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அது ஒரு மாவட்டம், ஒரு கோமாளி. மற்றக் கோமாளிகள் இறங்கவில்லை. பீட்சா ஹட் என்ற ரொட்டிக் கம்பெனி 1984-லேயே ஆரம்பித்த திட்டம் ஒன்று உண்டு. மாதத்துக்கு இவ்வளவு படிக்கவேண்டும் என்று வாத்தியார் அளவு வைப்பார். படித்த பிள்ளைக்குச் சீட்டு. சீட்டைக் கடையில் நீட்டினால் ஒரு சின்னப் பீட்சா. கிரிஸ்பி கிரீம் என்ற கம்பெனியின் கடைகளில் ஒவ்வொரு முதல்தர மார்க்குக்கும் ஒரு இனிப்பு வடை. இன்னொரு கடையில் மார்க்கு அட்டைக்கு விளையாட்டு யந்திரத்தில் போடும் வில்லைகள் கொடுத்தார்கள்.

இலவசமாகத்தானே கொடுக்கிறான், உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்று கேட்கும் மேதாவிகள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: எட்டு வயதுக் குழந்தை தனியாகவா கடைக்குப் போகும்? அம்மா வருவாள், அப்பா வருவான், தம்பி தங்கை தொங்கிக்கொண்டு வரும். ஒரு சின்னப் பீட்சா இலவசம். மற்ற நாலு பேர் தின்பதற்கு யார் காசு கொடுப்பது? தூண்டிலில் மாட்டிய புழுவும் மீனுக்கு இலவசம்தான்.

பிள்ளைக்குப் பிடித்த கடை எது?

அந்த நாட்டில் ஒரு பெரிய முதலீட்டு பாங்கி இருக்கிறது. பைப்பர் சாண்ட்லர் என்று பெயர். முன்பு பைப்பர் ஜாஃப்ரே. 2001 முதல் வருஷத்துக்கு இரண்டு தடவை, வசந்த காலத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று, ஆயிரக்கணக்கான பதின்வயதுப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டு ஒரு கணக்கு வெளியிடுகிறது. சராசரியாகப் பதினாறு வயதுப் பிள்ளைகள். என்ன கேள்வி? உனக்குப் பள்ளியில் என்ன குறை? வகுப்பில் எத்தனை பேர்? நூலகம் இருக்கிறதா? அதெல்லாம் பாங்கிக்கு எதற்கு? உனக்குப் பிடித்த கடை எது, பிடித்த சட்டை எந்தக் கம்பெனி, பிடித்த செருப்பு எது, எங்கே தின்கிறாய், வருஷத்தில் எவ்வளவு செலவழிக்கிறாய்? இதுதான் கேள்வி. உடுப்புக்கு நைக்கி, தின்பதற்கு சிக்-ஃபில்-ஏ, வலைக்கடைக்கு அமேசான் என்று வருஷக்கணக்கில் முதலிடத்தை இவர்களே பிடித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டியல் போவது பள்ளிக்கூடத்துக்கு அல்ல. பங்கு மார்க்கெட்டுக்கு! எந்தக் கடையின் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று முதலாளிகள் தீர்மானிப்பதற்கு. பிள்ளையின் ஆசையை மரக்கால் கொண்டு அளந்து மூட்டை கட்டி விற்கிறார்கள். களத்துமேட்டில் நெல் விளையும் முன்பே விலை பேசும் வியாபாரியை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே பிள்ளை சம்பாதிக்க ஆரம்பிக்கும் முன்பே அதன் சம்பாத்தியத்தை விலை பேசுகிறார்கள்.

சிக்காகோவின் துண்டுக்கூலி

தின்பண்டம் போதாதென்று, ரொக்கமாகவே கொடுத்துவிடலாம் என்று கிளம்பினார்கள் பெரியவர்கள். இதற்கும் கடைக்காரர்களுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது; அதைச் சொல்லிவிடுவது நியாயம். இது படித்தவர்கள் செய்த காரியம். ஹார்வர்டு சர்வகலாசாலையின் பொருளாதாரப் பேராசிரியர் ரோலண்ட் ஃபிரையர், தாமும் ஏழ்மையில் வளர்ந்த கருப்பர், இதைச் சோதித்துப் பார்க்க முன்வந்தார். 2007 முதல் சில வருஷங்கள் நியூயார்க், சிக்காகோ, டல்லாஸ் ஆகிய மூன்று நகரங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்தது. எல்லாம் கருப்பரும் ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களும் நிறைந்த ஏழைப் பேட்டைகள். தலைநகரான வாஷிங்டனிலும் 2008-ல் இதே மாதிரி ஒரு திட்டம்.

டல்லாஸில் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒரு புத்தகம் படித்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டு டாலர். நியூயார்க்கில் நாலாம் வகுப்புக்கு ஒரு பரீட்சைக்கு 25 டாலர் வரை, ஏழாம் வகுப்புக்கு 50 டாலர் வரை. சிக்காகோவில்தான் கணக்கு விசேஷமானது. அதைப் பஞ்சாலைத் தோழர்கள் கவனமாகப் படிக்கவேண்டும். உங்களுக்கு அது புதிதாக இருக்காது.

ஒன்பதாம் வகுப்பு. முக்கியப் பாடங்கள் ஐந்து. ஐந்து வாரத்துக்கு ஒரு தடவை பட்டுவாடா. 'ஏ' வாங்கினால் 50 டாலர். 'பி' வாங்கினால் 35. 'சி' வாங்கினால் 20. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. 'எஃப்', அதாவது ஃபெயில் ஆனால், அந்தப் பாடத்துக்கு மட்டுமல்ல, மற்றப் பாடங்களில் சம்பாதித்ததும் நிறுத்தி வைக்கப்படும். அந்தப் பாடத்தில் தேறிக் காட்டிய பிறகுதான் கிடைக்கும். அதோடு முடிந்ததா? இல்லை. சம்பாதித்ததில் பாதியைத்தான் கையில் கொடுப்பார்கள். மறுபாதி பள்ளிப் படிப்பை முடித்த பிறகு. நடுவில் நின்றுவிட்டால் போயிற்று.

ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாடத்தில் 'ஏ'. இரண்டு பாடத்தில் 'பி'. கூட்டினால் 170 டாலர். ஐந்தாவது கணக்குப் பாடம். கணக்கு வாத்தியார் இரண்டு மாதமாக இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதில் 'எஃப்'. கையில் வந்தது? பூஜ்யம்!

இதற்கு நம் ஊர் மில்லில் என்ன பெயர்? துண்டுக்கூலி. ரேட்டுக்கு வேலை. துணியில் பழுது என்று மேஸ்திரி மூக்கை நுழைத்தால் கூலியில் பிடித்தம். பழுது உன் கையால் வந்ததா, பாவு கெட்டதால் வந்ததா, யந்திரம் பழையதா என்று யாரும் கேட்கமாட்டார்கள். வேலையை விட்டு ஓடிவிடாதபடி கூலியில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பதும் பழைய வித்தைதான். நம் பாட்டன்மார் முதுகில் ஏற்றிய அதே நுகத்தடியைப் பதினாலு வயதுப் பிள்ளையின் தோளுக்குத் தகுந்தபடி செதுக்கியிருக்கிறார்கள். முதலாளி துண்டுக்கூலியை ஏன் விரும்புகிறான்? யந்திரத்துக்கு அவன் எண்ணெய் போடவில்லை என்பதை மறைத்து, குறைந்த கூலிக்குக் காரணம் உன் கைதான் என்று உன்னையே நம்ப வைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. அதேபோல் சிக்காகோப் பிள்ளைக்கும் ஒரு பாடம் கற்பிக்கப்பட்டது: வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்காதே, வாத்தியார் எங்கே என்று கேட்காதே, பணம் வரவில்லையா, தப்பு உன்னுடையது.

பேராசிரியரின் பூஜ்யம்

பலன் என்ன? பேராசிரியரே எழுதி 2011-ல் பிரசுரித்தார். மூன்று நகரங்களிலும் பிள்ளைகளின் படிப்பின் மேல் இந்தப் பணம் உண்டாக்கிய விளைவு, புள்ளிவிவரக் கணக்குப்படி, பூஜ்யம்! டல்லாஸில் மட்டும் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதிய குழந்தைகளிடம் வாசிப்பில் கொஞ்சம் ஏற்றம் தெரிந்தது. ஸ்பானிய மொழியில் எழுதிய குழந்தைகளிடம் இறக்கம் தெரிந்தது. மறைக்காமல் எழுதினார் மனிதர். அந்த நேர்மைக்கு அவருக்கு ஒரு வணக்கம் போடவேண்டும். எத்தனை சர்க்கார்கள் தங்கள் திட்டத்தைப் பூஜ்யம் என்று தாமே எழுதும்?

அவர் அறிக்கையில் இன்னொரு செய்தி இருக்கிறது. என் மனதைத் தைத்தது அதுதான். நியூயார்க்குப் பிள்ளைகளைக் கேட்டார்கள்: அடுத்த பரீட்சையில் இன்னும் அதிகப் பணம் சம்பாதிக்க என்ன செய்வாய்? பிள்ளைகள் சொன்னார்கள்: கேள்வியை நன்றாகப் படிப்பேன், அவசரப்படாமல் எழுதுவேன், எழுதியதை மறுபடி பார்ப்பேன். ஒரு பிள்ளைகூடப் பாடப் புத்தகத்தைப் படிப்பேன் என்று சொல்லவில்லை. வீட்டுப் பாடத்தை முடிப்பேன் என்று சொல்லவில்லை. புரியாததை வாத்தியாரைக் கேட்பேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பணத்தின் மேல் ஆசை இருக்கிறது. அறிவுக்குப் போகும் வழி தெரியவில்லை. வழி காட்ட ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அதற்குப் பதிலாக வழி தெரியாதவன் முன்னால் ரூபாய் நோட்டை ஆட்டிக் காட்டி, ஓடு ஓடு என்றார்கள்.

நியூயார்க் விவகாரத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிள்ளைகளின் பணத்தைப் போட வாஷிங்டன் மியூச்சுவல் என்ற பாங்கியில் கணக்குத் திறந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் திறந்தார்களாம். சிக்கனம், சேமிப்பு, பாங்கி நாணயம் எல்லாம் ஏழைப் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்! 2008 செப்டம்பர் 25-ஆம் தேதி அந்தப் பாங்கி திவாலாகிச் சர்க்கார் கையில் விழுந்தது. அமெரிக்க சரித்திரத்தில் அதைவிடப் பெரிய பாங்கி கவிழ்ந்ததில்லை. பிள்ளைகளின் பணம் போகவில்லை, ஜே.பி. மார்கன் சேஸ் என்ற இன்னும் பெரிய திமிங்கிலம் அந்தப் பாங்கியை விழுங்கிக் கணக்குகளை எடுத்துக்கொண்டது. ஆனால் கேள்வி பாக்கி இருக்கிறது. வீட்டுக் கடன் சூதாட்டத்தில் மூழ்கிய அந்தப் பாங்கி எஜமானர்களுக்கு யார் மார்க்கு போட்டார்கள்? அவர்கள் வாங்கிய 'எஃப்'-க்காக எந்தப் பட்டுவாடா நிறுத்தி வைக்கப்பட்டது?

"பணக்காரன் கொடுக்கவில்லையா?"

இந்தத் திட்டத்துக்கு ஒரு வாதம் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் ஏழை வீட்டிலிருந்தே அது எழுகிறது. பணக்கார அப்பன் மகனிடம், முதல் வகுப்பில் தேறினால் சைக்கிள் என்கிறான், கார் என்கிறான். ஏழை அப்பனால் முடியவில்லை. அந்த இடத்தில் ஊரார் நின்று கொடுத்தால் என்ன தப்பு? ஏழைப் பிள்ளைக்கு ஐம்பது டாலர் கிடைப்பது உனக்குப் பொறுக்கவில்லையா?

பொறுக்கிறது. அந்தப் பிள்ளையை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ஐம்பது டாலரை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடிய பெண்ணும், செருப்பு வாங்கிய பையனும் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் வாதம் செய்யும் பெரியவர்களே, பணக்காரப் பிள்ளை ஃபெயில் ஆனால் என்ன நடக்கிறது? சைக்கிள் மட்டும்தான் வராது. வீடு இருக்கிறது, தனி வாத்தியார் இருக்கிறார், காலேஜ் பணம் இருக்கிறது. சைக்கிளும் அடுத்த மாதம் எப்படியும் வரும். ஏழைப் பிள்ளைக்கு அந்த ஐம்பதுதான் எல்லாம். அவனுக்கு அது பரிசு அல்ல, வாடகை; சில வீட்டில் அது அரிசி. ஒருவனுக்கு விளையாட்டு, இன்னொருவனுக்கு வயிறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே!

சைக்கிள் வாங்கித் தர ஏழை அப்பனால் ஏன் முடியவில்லை? அதைக் கேட்காமலே விட்டுவிட்டீர்கள். அமெரிக்க மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி 1997 முதல் 2007 நடு வரை மணிக்கு 5 டாலர் 15 சென்ட். பத்து வருஷம் அசையவில்லை! பிறகு மூன்று தடவையாக ஏறி 2009 ஜூலையில் 7 டாலர் 25 சென்ட் ஆயிற்று. அதோடு நின்றது. பல மாகாணங்கள் தாமாக அதிகம் வைத்திருக்கின்றன. வைக்காத மாகாணங்களில் அதே கூலிதான்.

சிக்காகோக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பாடத்திலும் 'ஏ' வாங்கிய கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஐந்து வாரத்தில் 250 டாலர். கையில் கிடைப்பது 125. அதன் தாய்க்கு மணிக்கு ஒரே ஒரு டாலர் கூலி உயர்ந்தால்? வாரம் 40 மணி, ஐந்து வாரம்: 200 டாலர்! பாதியை நிறுத்தி வைக்க யாருக்கும் அதிகாரமில்லை. ஃபெயில் என்ற பேச்சில்லை. கெட்டிக்காரப் பிள்ளையின் வீட்டுக்கும் வரும், மந்தமான பிள்ளையின் வீட்டுக்கும் வரும். இரண்டாவது வேலைக்குப் போகாமல் அம்மா ஒரு சாயங்காலம் வீட்டில் இருந்து, இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்க முடியும். இந்தத் திட்டத்தை மட்டும் எந்தத் தர்மப் பிரபுவும் சோதித்துப் பார்க்க முன்வரவில்லை.

கூலி உயர்வைத் தொழிலாளிகளே கேட்டார்கள். 2012 நவம்பர் 29-ஆம் தேதி நியூயார்க்கில் மெக்டொனால்ட்ஸ் முதலிய தின்பண்டக் கடைகளின் தொழிலாளிகள் வேலையை நிறுத்தித் தெருவில் நின்றார்கள். மணிக்குப் பதினைந்து டாலர், சங்கம் வைக்க உரிமை. குழந்தைக்கு இலவசப் பொட்டலம் கொடுக்கும் கை, அதே பொட்டலத்தைக் கட்டும் தாய்க்கு என்ன கொடுக்கிறது என்று அன்றைக்கு நகரம் தெரிந்துகொண்டது.

பழைய கள், புதிய மொந்தை

மார்க்குக்குக் காசு என்பது ஹார்வர்டில் பிறந்த யோசனை அல்ல. 1862-ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற பிரபு ஒரு சட்டம் கொண்டுவந்தார். அங்கே காசு பிள்ளைக்கல்ல, பள்ளிக்கு. சர்க்கார் இன்ஸ்பெக்டர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளையைச் சோதிப்பார். தேறினால் பள்ளிக்கு எட்டு ஷில்லிங். ஒன்றில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் வெட்டு. வாத்தியார் என்ன செய்வார்? பிள்ளையைப் பிடித்து மனப்பாடம் செய்ய வைத்தார். சரித்திரம், பூகோளம், பாட்டு எல்லாவற்றையும் மூலையில் போட்டார், அதற்குத்தான் காசில்லையே. மாத்யூ ஆர்னால்டு என்ற புகழ்பெற்ற கவிஞர் அப்போது பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தார். பள்ளிக்கூடம் யந்திரமாகிவிட்டது என்று அறிக்கைக்கு மேல் அறிக்கை எழுதினார். முப்பது வருஷம் நடந்து அந்த முறை ஒழிந்தது. நம் மதராஸ் மாகாணத்திலும் வெள்ளைக்கார சர்க்கார் இதே 'ரிசல்ட்' மானியத்தை நடத்திற்று. உருப்போடும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் அந்தப் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் மார்க்கு ஏறினால் அதிகாரிகளுக்கு போனஸ், ஏறாவிட்டால் தலைமை வாத்தியாரின் வேலைக்கு ஆபத்து. பலன், 2011-ல் மாகாண விசாரணையில் வெளிவந்தது. பரிசோதித்த 56 பள்ளிகளில் 44-ல் மோசடி. வாத்தியார்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர். பிள்ளைகள் எழுதிய தப்பு விடைகளை ரப்பரால் அழித்துச் சரியான விடை போட்டிருக்கிறார்கள்! 2015-ல் பதினொரு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. மார்க்கு ஏறிற்று, போனஸ் ஏறிற்று, பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை.

இந்தக் கதையில் வயிற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். நல்ல மார்க்குக்கு இலவசச் சாப்பாடு என்று கோமாளி அழைத்த அதே நாட்டில், 2014 ஜனவரியில் சால்ட் லேக் சிட்டியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் நடந்தது இது. சாப்பாட்டுக் கணக்கில் பாக்கி வைத்த குழந்தைகளின் தட்டுகளைப் பறித்துச் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டினார்கள். நாற்பது குழந்தைகள் வரை என்று பத்திரிகைகள் எழுதின. ஒருமுறை தட்டில் வைத்ததை இன்னொரு குழந்தைக்குக் கொடுக்கக் கூடாதாம், அதனால் கொட்டினார்களாம்! பாக்கிக்காகக் குழந்தையை அவமானப்படுத்தக் கூடாது என்று முதன்முதலாகச் சட்டம் போட்டது நியூ மெக்சிகோ மாகாணம்; அதுவும் 2017-ல்தான்.

நம் ஊரில் 1956-ல் காமராஜர் சர்க்கார் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தபோது யாரும் மார்க்கு அட்டையைக் கேட்கவில்லை. கூழுக்கு வழியில்லாத விவசாயத் தொழிலாளியின் பிள்ளை தட்டை நீட்டிற்று, சோறு விழுந்தது. முதல் மார்க்குப் பிள்ளைக்கும் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் ஒரே கரண்டி. அதில் குறைகள் இருந்தன, இருக்கின்றன. அது வேறு கட்டுரை. ஆனால் பசிக்குப் பரீட்சை வைக்கவில்லை.

கடைக்கும் பள்ளிக்கும் நடுவே தொழிலாளி எந்தப் பக்கம் நின்றான் என்பதற்கு நம் மக்களிடமே ஒரு சாட்சி உண்டு. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாளில் தமிழன் வாங்கிய காசு அன்று மாலையே அங்கே போய்ச் சேர்ந்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு. இன்னொன்று, எங்கள் பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு கொடு. இரண்டும் ஒரே பட்டியலில்! பிள்ளைக்குக் கடையில் ஒரு மிட்டாய் இலவசமாகக் கொடு என்று அவர்கள் கேட்கவில்லை.

சிக்காகோவுக்குத் திரும்புவோம். காசுத் திட்டம் முடிந்துபோயிற்று. 2012 செப்டம்பரில் அந்நகரத்தின் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், காரன் லூயிஸ் தலைமையில், ஏழு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளம் மட்டுமல்ல விஷயம். பிள்ளைகளின் பரீட்சை மார்க்கை வைத்து ஆசிரியருக்கு விலை போடாதே என்றார்கள். வகுப்பைச் சிறிதாக்கு, நூலகம் கொடு, பாட்டும் சித்திரமும் கற்றுக்கொடுக்க ஆள் போடு என்றார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிவப்புச் சட்டை போட்ட ஆசிரியர்களோடு தெருவில் நடந்தார்கள். அடுத்த வருஷம், 2013 மே மாதத்தில், நகரக் கல்வி வாரியம் பழிவாங்கிற்றோ சிக்கனம் பிடித்ததோ, சுமார் ஐம்பது பள்ளிகளை ஓட்டுப் போட்டு மூடியது. பெரும்பாலும் கருப்பர் பேட்டைப் பள்ளிகள். மார்க்குக்கு ஐம்பது டாலர் கொடுத்துப் பார்த்த நகரம், ஐந்து வருஷம் கழித்து ஐம்பது பள்ளிகளுக்குப் பூட்டுப் போட்டது.

ஆசிரியர்கள் விடவில்லை. 2019 அக்டோபரில் மறுபடி இறங்கினார்கள். இந்தத் தடவை பதினொரு பள்ளி நாட்கள். பல பள்ளிகளில் நர்ஸ் வாரத்தில் சில நாட்கள்தான். பிள்ளைக்கு ஆஸ்துமா இழுத்தால் ஓடிவர ஆளில்லை என்றார்கள். இனி படிப்படியாக ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நர்ஸ், ஒரு சமூக சேவகர் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் வகுப்புக்குத் திரும்பினார்கள்.